முட்டைக்குத் தலைகால் தெரியும் விதம்

செகெட் நகரில் பிப்ரவரி.
டீஸா ஆறு உறையவுமில்லை, ஓடுவதாகவும் தெரியவில்லை.
மூன்றாம் மாடியில் எனிக்கே
இரண்டு ஊசிமுனைகளால்
பழ ஈயின் கருப்பையைப் பிரிக்கிறாள்.
வந்து விழுகிறது
ஒரு ரவை மணி.

அதற்குள் இன்னும் யாருமில்லை.
ஆனாலும் எந்தப் பக்கம் தலை என்பது
முடிவாகிவிட்டது.

பதினைந்து செவிலிச் செல்கள்
எழுதி எழுதி உள்ளே தள்ளுகின்றன
தூது ஆர்.என்.ஏ.க்களை.
அதிலொன்று பின்முனைக்குரியது.
ஒரு புரதம் அதைச் சுமந்து
நுண்குழல்மேல் நடக்கிறது.
நடக்கிறது என்றால், நேராக அல்ல.
முன்னே போய், திரும்பி வந்து,
பக்கத்துக் குழலுக்குத் தாவி, மறுபடி வழிமாறி.
பாதிக்குச் சற்றே மேலான அடிகள்தான்
சரியான திசையில்.
அதுவே போதுமாயிருக்கிறது.

வழியெங்கும் ரைபோசோம்கள்.
எது கிடைத்தாலும் வாசித்துவிடும் அவை.
அதனால் தூதின் வாயை
வேறொரு புரதம் பொத்தியே கூட்டிப்போகிறது.
கடைக்கோடி வந்ததும்
கை விலகுகிறது.
அங்கே வாசிக்கப்பட்டு, அங்கேயே பிறக்கும் புரதம்
தன்னைப் பெற்ற தூதையே பிடித்துக் கட்டிப்போடுகிறது,
உள்ளே சுழலும் நீரோட்டம் அடித்துப் போகாதபடி.
ஒரு முறை போய்ச் சேர்ந்தால் ஆயிற்றா?
கணந்தோறும் அங்கே இருந்தாகவேண்டும்.
அந்த மூலையிலிருந்துதான் வயிறு.
அந்த மூலையிலிருந்துதான்
பிறக்காத ஈயின் பிறக்காத பிள்ளைகள்.

நிதிக்குழுவின் கடிதம்
எனிக்கேயின் கோட்டுப் பையில் நான்காக மடிந்து
திங்கள் முதல் சுற்றிக்கொண்டிருந்தது.
டிராமில், படிக்கட்டில், குளிர் அறையில்.
ஜோம்போரிடம் வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தாள்.
கான்டீன் ஜன்னலோர மேசை,
இரண்டு காபி, எதிரெதிர் நாற்காலி,
அவன் மகளின் பரீட்சை முடிந்த மறுநாள்.
எல்லாம் யோசித்திருந்தாள்.

புதன்கிழமை நடைவழியில்,
சோளமாவும் சர்க்கரைப்பாகும் காய்ச்சிய கையைத்
துடைத்துக்கொண்டே அவன் கேட்டான்:
"ஏப்ரலுக்கு ஈஸ்ட் எத்தனை கிலோ சொல்லட்டும்?"
"ஏப்ரலில் நீ இருக்கமாட்டாய்"
என்றாள் எனிக்கே.

புட்டித் தட்டோடு நின்றிருந்தேன் நான்.
எனக்குப் பின்னால் ஓர்ஷோயா.
தட்டில் ஒரு புட்டி
இன்னொன்றின்மேல் இடிக்கும் சத்தம்.
அவள் இந்தப் பக்கம் போனாள்,
அவன் அந்தப் பக்கம்.
நடுவில் இரண்டு முதுகுகள்.

அன்று மதியம் திரையில் ஒரு கரு.
முன்முனையிலும் பின்முனைத் தூதே ஒட்டிக்கொண்டு
அங்கேயே வாய்திறந்துவிட்ட வகை.
தலை இருக்கவேண்டிய இடத்தில் வால்.
வாலிருக்கும் இடத்திலும் வால்.
கண்ணாடிமுன் நிற்பதுபோல்
ஒன்றையொன்று பார்க்கவியலாத இரண்டு வால்கள்.
ஓடு உடைத்து வெளிவரவில்லை அது.

எனிக்கே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு, யாரிடமுமில்லாமல் சொன்னாள்:
"ஓர் எழுத்துக்கூட மாறவில்லை."

இடம், பொருள், ஏவல் என்பார்களே.
பொருள் சரியாகத்தான் இருந்தது.
ஏவியவர்களும் மேலே எங்கோ
சரியாகத்தான் இருந்தார்கள்.

வெள்ளியன்று கான்டீனில்
ஜன்னலோர மேசையில் எனிக்கே மட்டும்,
இரண்டு காபியோடு.
ஒன்றில் ஆடை படர்ந்திருந்தது.
நான் போய் உட்காரலாமா என்று நினைத்தேன்.
அது எனக்கான இடமில்லை.

மாலையில் ஈ அறையைப் பூட்டப் போனபோது
சுவரில் அடுத்த மாதத்துக்கான பட்டியல் தொங்கியது.
அவன் கையெழுத்து, பென்சிலால்:
ஏப்ரல், ஈஸ்ட், பன்னிரண்டு கிலோ.
விளக்கை அணைத்தேன்.
புட்டிகளுக்குள் ஈக்கள்
இன்னும் மேலேறிக்கொண்டிருந்தன,
மேல் எதுவென்று தெரிந்த மாதிரி.